ஆறு நிமிஷ நாற்காலி

தனேஸ்வரி என் தம்பி செல்வாவோட பொண்டாட்டி. கோலா சிலாங்கூர்ல ஒரு பாலர் பள்ளியில உதவியாளர் வேலை. ஊரான் வீட்டுப் பிள்ளைங்க இருபது பேருக்கு மூக்கு துடைச்சு, சோறு ஊட்டிட்டு, மூணு மணிக்கு மோட்டார் சைக்கிள்ல வந்து எங்களுக்கும் ஆக்கிப் போடுவா. தம்பி செம்பனைக் குலை ஏத்துற லோரி ஓட்டுறான். என் புருஷன் போனதுலேருந்து நானும் அவங்க வீட்டுலதான்.

அவங்க மக விஷாலினிக்கு வயசு ஆறு. வாய் அறுபது. "வாய மூடு, உனக்கு என்னா தெரியும்"னு பெத்தவளையே சொல்லும். நானா இருந்தா ரோத்தான் பிரம்ப எடுத்திருப்பேன். நாங்கல்லாம் அப்படி வளர்ந்தவங்க. தனேஸ்வரி கை ஓங்க மாட்டா. பள்ளியில கத்துக்கிட்டத வீட்டுக்குக் கொண்டு வந்தா. மரியாதை இல்லாம பேசினா கூடத்து மூலையில சிவப்பு நாற்காலி. சுவரப் பார்த்து உட்காரணும், வயசுக்கு ஒரு நிமிஷம். போன்ல மணி வைப்பா. அது அடிக்கிற வரைக்கும் யாரும் பிள்ளைகிட்டப் பேசக்கூடாது. அடிச்சதும் என்ன தப்புன்னு கேட்டு, கட்டிப்பிடிச்சுக்குவா.

இதெல்லாம் ஒரு தண்டனையான்னு சிரிச்சேன். பொய் சொல்லக்கூடாது, மூணாவது வாரமே பிள்ளை வாய் அடங்கிப்போச்சு. தனேஸ்வரி முகத்துல அப்பதான் நான் சிரிப்பப் பார்த்தேன். வீட்டுல ஒரு ஆளாவது அவ பேச்சக் கேட்குதேன்னு அவளுக்கு.

அதக் கெடுத்தது நான்தான். ஒரு வெள்ளிக்கிழமை, விளக்கு வைக்கிற நேரம். பிள்ளை ஏதோ வாய் பேசி நாற்காலிக்குப் போயி, ஓன்னு அழுதுச்சு. விளக்கு நேரத்துல பொண் பிள்ளைய அழவிட்டா வீட்டுக்கு ஆகாது, எங்க வீட்டு வழக்கம் அது. "இன்னும் நாலு நிமிஷம்தான் அண்ணி"ன்னு கெஞ்சினா. காதுலயே வாங்கல. பிள்ளையத் தூக்கி, திருநீறு பூசி, முறுக்கு குடுத்தேன். அது என் இடுப்புல உட்கார்ந்துக்கிட்டு அவ அம்மாவப் பார்த்துச் சிரிச்சது. எனக்குப் பெருமையா வேற இருந்துச்சு, பாவி.

பிறகு எந்தக் கிழமை அழுதாலும் என்கிட்ட ஓடி வரும். நானும் தூக்கிக்குவேன்.

ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் குழம்புல உப்பு கூடிப்போச்சுன்னு தம்பி ஏசினான். தனேஸ்வரி பதில் சொல்ல வாயெடுக்கிறதுக்குள்ள, "வாய மூடு, உனக்கு என்னா தெரியும்"னான். பிள்ளைக்கு அந்தப் பேச்சு எங்கேருந்து வந்துச்சுன்னு எனக்கு மட்டும் தெரியாதா? தனேஸ்வரி கரண்டிய வச்சா. எட்டு வருஷத்துல முதல் தடவையா அவன நிமிர்ந்து பார்த்தா.

"பிள்ளை முன்னால அப்படிப் பேசாதீங்க. உங்களப் பார்த்துத்தான் அவளும் பேசறா."

தம்பி சிரிச்சான். "என்னையே எதிர்த்துப் பேசறியா? போ லா, போயி அந்த நாற்காலியில உட்காரு."

அவ என்னப் பார்த்தா. அவன் பயப்படுற ஒரே ஆள் நான்தான். டேய்னு ஒரு வார்த்தை போதும். ஆம்பளைய சாப்பிடுற இடத்துல கண்டிக்கலாமான்னு ரசத்த ஊத்திக்கிட்டு இருந்தேன்.

விஷாலினி ஓடிப்போயி நாற்காலிய மூலைக்கு இழுத்துப் போட்டுச்சு. அம்மா போனையும் எடுத்துக்கிச்சு. மணி வைக்கணுமே. "அத்தை, அம்மாவுக்கு எத்தன வயசு?"

முப்பத்திரண்டுன்னு சொன்னேன். யோசிக்காம சொல்லிட்டேன்.

தனேஸ்வரி உட்காரல, அழவும் இல்ல. போன வாங்கி வச்சுட்டு நாற்காலியக் கொண்டுபோயி வெளியில குப்பைத் தொட்டிகிட்ட போட்டா. மறுநாள் குப்பை லோரி எடுத்துட்டுப் போயிடுச்சு. அதுக்கப்புறம் பிள்ளை என்ன பேசினாலும் அவ ஒன்னும் கேட்கறதில்ல.

நேத்து விஷாலினி என்னையும் வாய மூடச் சொன்னது. தனேஸ்வரி அடுப்படியிலேருந்து எட்டிப் பார்த்தா, பிறகு திரும்பி அரிசி களைய ஆரம்பிச்சுட்டா. எந்த முகத்த வச்சுக்கிட்டு அவளக் கூப்பிடுவேன்?