கொக்கி இரண்டாகத் தெரிந்த நாள்

அப்பாவின் தூக்கத்தை ஒரு மைக்குக்கு விற்றவன் நான். முழு மைக்குக்குக்கூட இல்லை, இரண்டு நிமிடம் அதில் பேசலாம் என்ற வாக்குறுதிக்கு. அந்த வயதிலேயே என் வியாபார மூளை அப்படி.

அப்போது கொல்கத்தாவின் கிடர்பூரில் இரண்டாம் மாடியில் குடியிருந்தோம். தூத்துக்குடியில் தொழில் கற்ற அப்பா இங்கே துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். ராத்திரி ஷிப்ட். காலையில் வந்து இரண்டு இட்லியை விழுங்கிவிட்டு அவர் படுத்தால், மூன்று மணி வரை வீடு ஊமையாகிவிடும். சன்னலில் அம்மா கம்பளியைத் தொங்கவிடுவாள். குக்கர் விசிலடிக்கும் என்பதால் பானையில்தான் சோறு. அழைப்புமணியின் வயரைப் பிடுங்கிவிடுவாள். நான் இருமினால், "மெல்ல இருமுல, அப்பா தூங்குதாவ" என்பாள். மெல்ல இருமுவது எப்படி என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

துர்கா பூஜைக்குப் பள்ளி விடுமுறை. சஷ்டியன்று காலை பந்தல் கமிட்டி அண்ணன் ஒருவர் ஒலிபெருக்கி கட்ட இடம் தேடி, தெருவில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா காய்கறி வாங்கப் போயிருந்தாள். நான் எங்கள் பால்கனியைக் கைகாட்டிவிட்டு, கூலியாக மைக் கேட்டேன். "ஏக்பார்" என்று ஒற்றை விரலைக் காட்டினார். ஒரே ஒரு தடவை. ஒப்பந்தம் முடிந்தது.

கமிட்டிக்காரர்களாகவே கட்டிவிட்டார்கள் என்று அம்மா நினைத்தாள். சாமி காரியத்துக்கு எப்படிக் குறுக்கே நிற்பது? "நாலு நாளுதான, விடு" என்றார் அப்பா. நான் உத்தமனாக வாயை மூடிக்கொண்டேன். இரண்டு பகலும் அவர் தலையணையைத் தலைக்கு மேலே வைத்துக்கொண்டு புரண்டார்.

சப்தமி மத்தியானம் என் முறை வந்தது. மைக்கைப் பிடித்து வங்க மொழியில் முழங்கினேன்: கிடர்பூரிலேயே உயரமான கிரேனை ஓட்டுகிறவர் என் அப்பாதான்! பந்தலில் கைதட்டினார்கள். அது அப்பாவின் தலைமாட்டில் எப்படி இறங்கியிருக்கும் என்று தோன்றவே இல்லை.

மறுநாள் காலை வந்தவர் இட்லியைத் தொடவில்லை.

"ராத்திரி கிரேன்ல ஏறல" என்றார் அம்மாவிடம். "சூப்பர்வைசர்ட்ட சொல்லிட்டேன். கீழ நின்னு மூட்டை எண்ணுனேன்."

"ஏன், மேலுக்குச் சரியில்லையா?"

"கொக்கி ரெண்டாத் தெரியுது. கீழ ஆளுங்க நிக்காங்க."

அம்மா உடனே கீழ்வீட்டுக்கு இறங்கிப் போய் விஷயத்தைச் சொன்னாள். எனக்கோ அவமானம். ஊருக்கே அறிவித்திருக்கிறேன், இவர் தரையில் நின்று மூட்டை எண்ணிவிட்டு வருகிறார்! அன்று முழுக்க அப்பாவிடம் பேசவில்லை. அவருக்கு அது தெரிந்திருக்காது. காகிமா என்று நான் கூப்பிடும் கீழ்வீட்டு வங்காளிச் சித்தி பூனையைத் துரத்திவிட்டுத் தன் பின்னறையைக் கொடுத்திருந்தார். ஊரே அம்மன் முகம் பார்க்கப் போன அஷ்டமியில் அப்பா அங்கே சாயங்காலம் வரை தூங்கினார். பிறகு போய்க் கிரேனில் ஏறினார்.

இப்போது நான் கொல்கத்தாவிலேயே அமெரிக்க நேரத்துக்கு வேலை பார்க்கிறேன். போன மாதம் மாடிவீட்டில் டைல்ஸ் அறுத்தார்கள். மூன்று பகல் தூக்கமில்லை. திரையில் வரிகள் இரண்டிரண்டாகத் தெரிய, அழிக்கக் கூடாத கோப்பை அழித்துத் தொலைத்தேன். யாரோ ஒரு பொத்தானைத் தட்டி மீட்டுவிட்டார்கள். என் திரைக்குக் கீழே யாரும் நிற்கவில்லை. அப்பா அன்று சொன்ன சொல் இருபத்தைந்து வருடம் கழித்து அப்போதுதான் என் காதில் விழுந்தது.

மறுநாள் மத்தியானம் மனசு தாங்காமல், ஓய்வு பெற்று ஊரோடு போய்விட்ட அப்பாவுக்குத் தூத்துக்குடிக்கு போன் போட்டேன்.

"அப்பா, அந்த ஸ்பீக்கர நம்ம வீட்ல கட்டச் சொன்னது நான்தான்."

மறுமுனையில் நீளமாக ஒரு கொட்டாவி கேட்டது.

"அதச் சொல்லவால தூங்குனவன எழுப்புன?"