நான் மாட்டிய சிலிண்டர்

கொரோனா வந்து இரண்டாவது வருடம். இரத்தினபுரி மாவட்டத்தில் நான் சிற்றூழியராக வேலை செய்யும் ஆஸ்பத்திரியில் ஒரு மத்தியானம் நடந்தது இது. இன்றைக்கும் நினைத்தால் உள்ளங்கை வேர்க்கிறது.

எங்கள் கொரோனா வார்டில் சிற்றூழியர்கள் ஆறு பேர். அந்த வாரம் மூன்று பேர் காய்ச்சலில் படுத்துவிட்டார்கள். மிச்சமிருந்த மூன்று பேர்தான் நோயாளிகளைத் தூக்கி, துடைத்து, ஒக்சிஜன் சிலிண்டர் மாற்றி, ஓடிக்கொண்டிருந்தோம். ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் இருக்கும் என் வீட்டுக்கு நான் போய் பதினெட்டு நாளாகியிருந்தது.

அன்று பாதுகாப்பு உடை மாட்டப் போகும் நேரத்தில் மனைவி போனில் கோல் எடுத்தாள்.

“நேத்துலேருந்து எனக்குக் காய்ச்சலுங்க. பாப்பாவுக்கும் மேலு சுடுது. லயத்த விட்டு யாரும் வெளிய போகக் கூடாதுன்னுட்டாங்க.”

பின்னால் மகள் அழுவது கேட்டது. நான் யாரிடமும் சொல்லவில்லை. நானும் போய்விட்டால் வார்டில் இரண்டு பேர்தானே! உடையை மாட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

இரண்டு மணி இருக்கும். ஜன்னலோரக் கட்டிலில் ஒரு பெரியவர் இருந்தார். குருவிட்ட பக்கம் பஸ் ஓட்டியவர். அவருடைய சிலிண்டர் முடியப்போகிறது என்றார்கள். வெறுமையும் நிறைந்ததும் கலந்து சுவரோரம் நின்றதில் ஒன்றை உருட்டி வந்து மாட்டினேன். முகத்துக்கு முன்னால் இருந்த கண்ணாடி முழுக்க ஆவி. மீட்டர் முள்ளைப் பார்த்ததாகத்தான் நினைத்தேன். மனசு லயத்தில் கிடந்தது.

அடுத்த கட்டிலில் விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தபோது பெரியவரின் இரத்தத்தில் ஒக்சிஜன் அளவைக் காட்டும் கருவி கத்தத் தொடங்கியது. திரும்பிப் பார்த்தால் உதடு நீலம் பாய்ந்து கிடக்கிறது.

எனக்கு முன்னால் சிஸ்டர் வந்துவிட்டார். வார்டுக்குப் பொறுப்பானவர். சிங்களப் பெண்மணி, தோட்டத்து நோயாளிகளோடு பேசிப் பேசியே தமிழ் பழகியவர். மாஸ்க்கின் குழாயில் கையை வைத்துப் பார்த்தார்.

“காத்து வரல்ல! மல்லி, வேற சிலிண்டர்! ஓடுங்க!” எங்களை அவர் மல்லி, அதாவது தம்பி என்றுதான் கூப்பிடுவார்.

ஓடினேன். நடைபாதையில் இருந்த நிறைந்த சிலிண்டரை எப்படி இழுத்து வந்தேன் என்று இன்றுவரை தெரியாது. சிஸ்டர் பெரியவரின் முகத்தில் கைப்பம்பை அழுத்தி அழுத்தி மூச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தார். கருவியில் அறுபத்தேழு. கையுறைக்குள் வேர்வை நிறைந்து சிலிண்டரைத் திறக்கும் சாவி இரண்டு தடவை நழுவி விழுந்தது. மூன்றாவது தடவை பிடித்தது. புஸ்ஸென்று காற்று வந்தது. எழுபது. எழுபத்தாறு. தொண்ணூறைத் தொடும்வரை நானும் மூச்சு விட்டதாக ஞாபகமில்லை.

கழற்றிய சிலிண்டரின் முள் பூச்சியத்தில் கிடந்தது. வெறும் சிலிண்டரைத்தான் நான் கொண்டுவந்து மாட்டியிருந்தேன்.

உடை கழற்றும் அறையில் போய் உட்கார்ந்தேன். வேலை போச்சு என்றே நினைத்தேன். சிஸ்டர் ஒரு பிளேன்டீயைக் கையில் கொடுத்தார்.

“நீங்க இப்படி செய்ற ஆள் இல்லயே. வீட்டுல என்ன?”

அவ்வளவுதான், உடைந்துவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். சிஸ்டர் அங்கேயே நின்று எங்கள் தோட்டத்துக்குப் பொறுப்பான சுகாதார அதிகாரிக்குக் கோல் எடுத்துச் சிங்களத்தில் பேசினார். அன்று பின்னேரமே என் மனைவியையும் மகளையும் பரிசோதித்து மருந்தும் கொடுத்துவிட்டார்கள்.

பிறகு ஒரு தாளை நீட்டினார். “நடந்தத எழுதுங்க மல்லி. ஒண்ணும் மறைக்க வேணாம்.”

எழுதிக் கையெழுத்து வைத்தேன். அதன் கீழே அவர் சிங்களத்தில் எழுதினார்: ‘இவரைப் பதினெட்டு நாள் ஓய்வில்லாமல் வேலை வாங்கியது நான். இந்தத் தவறில் எனக்கும் பங்கு உண்டு.’ எழுதி முடித்து, என்னைப் படுக்கச் சொல்லிவிட்டு, உடையை மாட்டிக்கொண்டு என் மிச்ச வேலையைச் செய்ய உள்ளே போனார். மறுநாள் டொக்டரின் விசாரணையிலும் அதையேதான் சொன்னார். எனக்கு எச்சரிக்கையோடு முடிந்தது. வெறும் சிலிண்டர்களுக்குத் தனி அறை வந்தது; மீட்டரை இரண்டு பேர் பார்க்க வேண்டும் என்றும் ஆனது.

மனைவியும் மகளும் தேறினார்கள். பெரியவர் வீட்டுக்குப் போன அன்று அவருடைய சக்கர நாற்காலியைத் தள்ளியது நான்தான். வாசல் வரைக்கும் மென்று விழுங்கி, வெறும் சிலிண்டரை மாட்டியது நான்தான் என்று கடைசியில் சொல்லிவிட்டேன். நாற்காலியை நிறுத்தச் சொல்லி என் பக்கம் திரும்பினார்.

“நீங்க ஓடுன ஓட்டத்தையும் நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன் தம்பி” என்றார்.

இன்று புதிதாக வருபவர்களுக்கு வேலை பழக்குவது என் பொறுப்பு. அவர்கள் பிழை விடும்போது எனக்கும் கோபம் வரத்தான் செய்கிறது. ஆனால் தவறு செய்தவனைத் தனியே நிற்க விடாமல் பக்கத்தில் ஒருவர் நின்றால்தான் அவனுக்கு உண்மை பேசும் தைரியம் வரும் என்பதை, அந்தத் தாளில் என் கையெழுத்துக்குக் கீழே எழுதியவரிடம் நான் கற்றுக்கொண்டேன்.