திருநீற்றுப் புதனுக்கு முந்தின செவ்வாய்

அந்த அறிவிப்பை முதலில் பார்த்தபோது ஏதோ பிழையாக அச்சடித்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். என் கையில் தரை துடைக்கும் மாப்பு. எதிர்ச் சுவரில், தேநீர் மேசைக்கு மேலே, நீலத் தாளில் பெரிய எழுத்தில் இருந்தது: தினமும் குடிப்பவரா? நீங்களாகத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள், முதலில் எங்களிடம் வந்து சொல்லுங்கள். குடியை விட நினைப்பவர்களுக்காக நடக்கும் கூடம் அது. அங்கேயே நிறுத்தாதே என்று ஒட்டி வைத்திருந்தால் சிரிப்பு வராதா? மளிகைக் கடை வாசலில் எதையும் வாங்காதீர்கள் என்று பலகை தொங்குவது மாதிரி இருந்தது. படம் எடுத்து மைனிக்கு அனுப்பலாம் என்று போனை எடுத்தேன். அண்ணன் மனைவியை எங்கள் பக்கத்தில் மைனி என்போம். அனுப்பும் முன் இன்னொரு தரம் படித்தேன். ‘திடீரென்று’ என்ற இடத்தில் கண் நின்றுவிட்டது. போனைத் திரும்பப் பையில் போட்டேன்.

இந்த ஊரின் பெயர் ஹல். இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் ஒரு துறைமுகம். தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்துக் கிரேன்களைப் பார்த்து வளர்ந்தவளுக்கு இன்னொரு துறைமுகம் என்ன புதிதாக இருந்துவிடப் போகிறது என்ற தைரியத்தில், சரக்குப் போக்குவரத்து மேலாண்மை படிக்க வந்தேன். வந்த பிறகுதான் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. இங்கே தண்ணீர் மண் நிறம். மீன்பிடித் தெரு என்று பெயர்ப்பலகை இருக்கும், அந்தத் தெருவில் கடலுக்குப் போகிறவர் ஒருவரும் இருக்க மாட்டார். நிலக்கரித் தூசி காயப்போட்ட துணியில் படியாது, ஆனால் துணியும் காயாது. செவ்வாய், வியாழன் பகலில் அந்தக் கூடத்தில் நாற்காலி போடுவதும், எல்லோரும் போன பிறகு தரை துடைப்பதும் என் பகுதிநேர வேலை. வருகிறவர்கள் சாதாரணமாக வருவார்கள். பேருந்து ஓட்டுநரின் சீருடையோடு ஒருவர், ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர். பக்க அறையில் செவிலியர் ரத்த அழுத்தம் பார்ப்பார். மற்றவர்கள் வட்டமாக உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டு, இந்த வாரம் எப்படிப் போனது என்று சொல்வார்கள். எனக்கு அதைவிட விநோதம், அந்தக் கூடத்தின் கதவு கண்ணாடி. தெருவில் போகிற எவரும் உள்ளே யார் இருக்கிறார்கள் என்று பார்க்கலாம். சிலர் பார்த்துக் கையும் ஆட்டுவார்கள். எங்கள் தெருவில் ஒருவர் இந்தச் சிகிச்சைக்குப் போய் மூன்று வாரம் இருந்துவிட்டு வந்தால், மும்பையில் வேலையாக இருந்தார் என்பார்கள். கேட்கிறவர்களும் மும்பையில் மழையா என்று கேட்டுக்கொள்வார்கள்.

அங்கே பிஸ்கட் தட்டு வைப்பதிலிருந்து வருகிறவர்களோடு மருத்துவரிடம் போய் உட்கார்வது வரை எல்லாவற்றையும் செய்வது டெப் என்ற பெண். நாற்பது வயது இருக்கும். கேரவன் செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்தவள், ஒரு காலத்தில் காலையிலேயே குடிக்க ஆரம்பித்தவள், அதை மறைக்காதவள். அவளிடம் அந்தத் தாளைக் காட்டி, எங்கள் ஊரில் தவக்காலம் வந்தால் ஆண்கள் ஒரே நாளில் நிறுத்திவிடுவார்கள், நாற்பது நாள் தொட மாட்டார்கள் என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். “ஓ, ட்ரை ஜனவரி மாதிரி, கூடவே கடவுளும்” என்றாள். இங்கே புது வருஷம் பிறந்ததும் ஒரு மாதம் குடிக்காமல் இருப்பது ஒரு பழக்கம். அது இல்லை என்று விளக்கப் போய், அண்ணன் கதையை ஆரம்பித்துவிட்டேன். அவனுக்கு மன உறுதி போதாது, நான்காம் நாளே தோற்றுவிட்டான் என்றேன். டெப் தட்டைக் கீழே வைத்தாள். அவனுக்குக் கை ஆடியதா, இல்லாத எதையாவது பார்த்தானா என்று கேட்டாள். இரண்டும்தான் என்றேன்.

மூன்று வருஷத்துக்கு முந்தின தவக்காலம் அது. ஈஸ்டருக்கு முந்தின அந்த நாற்பது நாளும் எங்கள் கடற்கரையில் பல வீடுகளில் கறி இல்லை, கல்யாணம் இல்லை, பாட்டிலும் இல்லை. முதல் நாளான திருநீற்றுப் புதனன்று நெற்றியில் சாம்பலோடு கோயிலை விட்டு வருகிறவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்து, “என்னலே, நாப்பதா?” என்று கேட்டுக்கொள்வார்கள். ஈஸ்டர் மத்தியானம் எல்லாம் பழையபடி ஆகிவிடும். சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை குடிக்கிறவர்களுக்கு இது சுலபமான நோன்புதான். லூர்து அண்ணன் அந்த ரகம் இல்லை. அவனுக்கு விசைப்படகில் வேலை. காலையில் ஒரு வாய் உள்ளே போனால்தான் கை கயிற்றைப் பிடிக்கும் என்ற நிலைக்கு வந்திருந்தான். நான் கல்லூரியில் கடைசி வருஷம். எனக்கு எதுவும் அன்றைக்கே முடிந்தாக வேண்டும். அண்ணனை விடாமல் நச்சரித்து, அந்தப் புதன்கிழமை பஸ் ஏற்றி, மணப்பாட்டுச் சிலுவைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சத்தியம் வாங்கினேன். திரும்பி வரும்போது ஜன்னலோரம் அவன் தூங்கிக்கொண்டு வந்தான். நான் ஒரு குடும்பத்தையே தூக்கி நிறுத்திவிட்டவள் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை கை ஆட ஆரம்பித்தது. காப்பித் தம்ளர் பல்லில் மோதுகிற சத்தம் குசினி வரை கேட்டது. சனிக்கிழமை மத்தியானம் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு வெறுங்கையால் எதையோ இழுத்தான். விளையாடுகிறான் என்று நினைத்தோம். இரண்டு கையும் மாறி மாறி, தோள் குலுங்க, இல்லாத கயிற்றை இழுத்துக் காலடியில் சுருட்டி வைத்தான். வலை மேலே வந்துவிட்டது போல, மீனைத் தரம் பிரித்துத் தலையணைப் பக்கம் போட்டான். மைனியைப் பார்த்து, கூட வேலை செய்கிற ஆளைக் கூப்பிடுவது மாதிரி, “ஏலே, நண்டு ஏறுது பாரு, காலத் தூக்கு” என்றான். மைனி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடிவிட்டாள். தெருவில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். சத்தியம் பண்ணும்போது மனசில் கள்ளம் இருந்திருக்கிறது என்றார்கள். பேய் ஓட்டுகிற இடத்துக்குக் கொண்டு போங்கள் என்றார்கள். ஆஸ்பத்திரி என்ற சொல் ஒருவர் வாயிலும் வரவில்லை, பட்டம் வாங்கப் போகிற என் வாயிலும்தான். சாயங்காலம் பக்கத்து வீட்டு அண்ணாச்சி ஒரு பாட்டிலோடு வந்து இரண்டு தரம் ஊற்றிக் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் அண்ணன் அடங்கித் தூங்கிப்போனான். மறுநாள் காலையில் அவன் எதிரே போய் நின்று சொன்னேன்: “நாலு நாளு தாங்கல ஒனக்கு. நீயெல்லாம் எதுக்குச் சத்தியம் பண்ணுத?” ஈஸ்டர் வரை நான் அவனோடு பேசவில்லை. அதற்குப் பிறகு அவன் கோயிலுக்குள் வருவதே இல்லை. பூசைக்குப் பிள்ளையைக் கொண்டுவந்து விட்டுவிட்டு வெளியே பைக்கில் உட்கார்ந்திருப்பான்.

இதையெல்லாம் என்னுடைய அரைகுறை ஆங்கிலத்தில் கேட்டுவிட்டு டெப் நிதானமாகச் சொன்னாள். தினமும் குடித்துப் பழகிய உடம்பு, அது இல்லாமல் இருக்க மறந்துவிடும். சட்டென்று பறித்தால் இரண்டாம் நாள், மூன்றாம் நாள் திருப்பி அடிக்கும். நடுக்கம், வலிப்பு, இல்லாததைப் பார்ப்பது. சிலர் செத்தும் போவதுண்டு. மருத்துவர் பார்த்து, மாத்திரை கொடுத்து, சில நாள் பக்கத்தில் ஆள் இருந்தால் கடந்துவிடலாம். “எனக்கு மன உறுதி நிறைய இருந்தது. அதனால்தான் தொழிற்சாலைத் தரையில் வலிப்பு வந்து விழுந்தேன்” என்றாள். பிறகு பிஸ்கட் தட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். நான் அன்றைக்கு ஒரே இடத்தை நாலு தரம் துடைத்தேன்.

ஜனவரியில் மைனி அழைத்தாள். குரலில் அவ்வளவு சந்தோஷம். மகள் ஜெசிந்தாவுக்கு ஈஸ்டர் முடிந்து புதுநன்மை, அதாவது முதல்முறை நற்கருணை வாங்கும் நாள். அன்று பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு கோயிலுக்குள் நடக்க வேண்டுமாம் அண்ணனுக்கு. அதனால் இந்த வருஷம் மறுபடி நாற்பது இருக்கப் போகிறானாம், திருநீற்றுப் புதனோடு விட்டுவிடுவானாம். இப்போது அவன் முன்னைவிட அதிகமாகக் குடிக்கிறான் என்பதும் அவள் சொல்லித்தான் தெரியும். நான் வழக்கம்போல அவசரப்பட்டேன். முன்னும் பின்னும் சொல்லாமல், திடீரென்று விடவேண்டாம் என்று சொல்லுங்கள் மைனி என்று போட்டு உடைத்துவிட்டேன். “ஏளா, சீமைக்குப் போயி இதத்தான் படிச்சியா? அன்னைக்குச் சத்தியம் வாங்கிட்டு வந்தவ, இன்னைக்குக் குடின்னு சொல்லுத?” என்று கேட்டுப் போனை வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு மூன்று நாள், நான் அழைத்தும் மைனி எடுக்கவில்லை. வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இந்த மூன்று நாள் எப்படிப் போகும் என்று தெரியும். வகுப்பில் உட்கார்ந்தால் கால் ஆடுகிறது. ஆற்றங்கரைக்கு நடந்து போய், ஏன் வந்தோம் என்று தெரியாமல் திரும்பி நடக்கிறோம். குரல் செய்தி பதிவு செய்கிறோம், அழிக்கிறோம். தூத்துக்குடியில் இருந்திருந்தால் சைக்கிளை எடுத்துப் பத்து நிமிஷத்தில் வாசலில் போய் நின்றிருப்பேன், வாங்குகிற ஏச்சையும் வாங்கியிருப்பேன். கடைசியில் அந்த நீலத் தாளைப் படம் எடுத்து, தனியாக ஒரு தாளில் தமிழில் கையால் எழுதி, அதையும் அனுப்பினேன். கை ஆடும், வியர்க்கும், இல்லாதது கண்ணுக்குத் தெரியும், வலிப்பு வரும், இது பேயும் இல்லை தண்டனையும் இல்லை, நிறுத்தும் முன் டாக்டரைப் பாருங்கள். ஒரு மணி நேரத்தில் மைனி அழைத்தாள். கோபம் இல்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“அன்னைக்கு வலைய இழுத்தாருல்லா, அதுவும் இதுதானா?”

“ஆமா மைனி.”

எழுந்து போய்க் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு சொன்னாள்: “மூணு வருசமா அவரு பக்கத்துல படுக்கப் பயந்துட்டுக் கெடந்தேன்ளா.”

அடுத்த நாளே மைனி ஒரு மருத்துவரைத் தேடிப் பிடித்துவிட்டாள். பாளை ரோட்டுப் பக்கம் சாயங்காலம் மட்டும் பார்க்கிறவர். நிறுத்திவிட்டு வர வேண்டாம், குடிக்கிற ஆளாகவே கூட்டி வாருங்கள், பார்த்துவிட்டு வீட்டிலேயே மாத்திரையா, சில நாள் படுக்கையா என்று சொல்கிறேன் என்றாராம். இனி அண்ணனைச் சம்மதிக்க வைக்க வேண்டியதுதான். போனில் பிடித்தேன். மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கிற சத்தத்துக்கு நடுவே பேசினான். மருத்துவரைப் பார்க்கக் கூச்சம் ஒரு பக்கம். அதைவிடப் பெரிதாக அவனுக்கு இன்னொன்று இருந்தது. “மாத்திரையப் போட்டுட்டு நிறுத்துனா அது என்ன சத்தியம்ளா? பரீச்சைல பிட்டு வச்சு எழுதுத மாதிரில்லா” என்றான். டெப்பிடம் கேட்டால், சத்தியம் எதற்கு, மாத்திரை போதுமே என்பாள். அவளுக்கு அது புரியாது. எனக்கு அவனும் புரிகிறான், அவளும் புரிகிறாள், அதுதான் கஷ்டம். வாயில் வந்ததைச் சொன்னேன்: “அண்ணே, அன்னைக்கு நீ தோக்கல. ஒனக்கு அது வியாதி. தப்பாச் சொன்னது நாந்தான்.”

ஐஸ் உடைக்கிற இடத்தை விட்டு நகர்ந்து வந்திருக்க வேண்டும், சத்தம் குறைந்தது.

“வலை தண்ணிக்குள்ள கெடக்கும்போது இஞ்சின டக்குன்னு அணைக்க மாட்டோம்” என்றான். “கயிறு காத்தாடில சுத்திரும்.”

காத்தாடி என்றால் படகுக்கு அடியில் சுழல்கிற விசிறி. என்னிடமா, பக்கத்தில் யாரிடமாவதா என்று தெரியாமல், என்ன சொல்லுத என்று கேட்டேன்.

“ஒண்ணுமில்ல. எந்த டாக்டரு?”

இதை நான் வெற்றிக்கதையாக எழுதவில்லை. இன்னும் எதுவும் நடக்கவில்லை. முந்தின வாரமே போ என்று நான் பறந்தேன், அவன் கேட்கவில்லை. திருநீற்றுப் புதனுக்கு முந்தின செவ்வாய்க்கிழமை, கடலுக்குப் போகாமல் சாயங்காலம் ஐந்தரைக்குப் போகிறானாம். அதற்கும் ஒரு நிபந்தனை. அங்கே வெளியே பெஞ்சில் காத்திருக்கும்போது நான் போனில் இருக்க வேண்டும். “எவனாவது பாத்தான்னா, சீமையில இருக்க தங்கச்சிட்ட பேசுதான்னு நெனச்சுட்டுப் போவட்டும்” என்றான். கண்ணாடிக் கதவு போட்ட கூடத்தில் தரை துடைக்கிற எனக்கு, அண்ணனுக்குத் திரையாக இருக்கிற வேலையும் கிடைத்திருக்கிறது. மாத்திரையோடு பண்ணுகிற சத்தியம் சத்தியம்தானா என்பதை அவன் இன்னும் பங்குச் சாமியாரிடம் கேட்கவில்லை. படுக்கச் சொன்னால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் நெற்றிச் சாம்பலுக்கு என்ன செய்வது என்பதும் தெரியவில்லை. நான் தமிழில் எழுதிய தாளை அச்செடுத்து, ஒரு பேரும் போடாமல், ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு முன்னால் ஐஸ் கம்பெனிச் சுவரில் ஒட்டிவிடுவதாக மைனி சொல்லியிருக்கிறாள். அந்தச் சுவரைப் பார்க்காமல் எந்தப் படகுக்காரனும் கடலுக்குப் போக முடியாது. அதைப் படிக்கிற ஒரு ஆளாவது புதன்கிழமைக்கு முன் யாரிடமாவது கேட்டால், அடுத்த வருஷம் அந்தப் பக்கத்திலேயே நாலு நாற்காலி, ஒரு பிளாஸ்க் தேநீர், வாரம் ஒருநாள் ஒரு செவிலியர் என்று ஆரம்பிக்கலாம் என்று மைனியிடம் சொன்னேன். முதல்ல ஒட்டுதேன், நீ பறக்காத என்றாள்.

அந்தத் தாளின் ஒரு படியை டெப் கேட்டு வாங்கி நீலத் தாளுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறாள். ஹல் நகரத்துக் கூடத்தில் அதைப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான். பேருந்து ஓட்டுநர் அதன் எதிரில் நின்று தேநீர் குடித்துவிட்டு, எழுத்து அழகாகச் சுருண்டிருக்கிறது என்றார்.

செவ்வாய்க்கிழமை ஊரில் ஐந்தரை என்றால் இங்கே நண்பகல் பன்னிரண்டு. நான் நாற்காலி போடுகிற நேரம். காதில் போனை மாட்டிக்கொண்டு வட்டத்துக்கு ஒவ்வொன்றாக இழுத்துப் போடுவேன், அங்கே பெஞ்சில் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். என்ன பேசுவது என்று இன்னும் யோசிக்கவில்லை. உள்ளேயிருந்து அவன் பெயரைக் கூப்பிடுகிற வரை பேச வேண்டும்.