சின்னவள் கொடுத்த நம்பர்

நாற்பத்தாறு வயதாகியும் வீட்டில் அவள் சின்னவள்தான். தெருவுக்கு ஜெராக்ஸ் அக்கா. பெரிய ஆஸ்பத்திரிக்கு நேர் எதிரே, மருந்துக் கடைக்கும் சலூனுக்கும் நடுவில், எட்டடிக்குப் பத்தடிக் கடை. பத்தொன்பது வருஷமாக அதில்தான் நிற்கிறாள். நிற்கிறாள் என்பதுதான் சரி. நாற்காலி ஒன்று இருக்கிறது, அதில் காகிதக் கட்டுகள்தான் உட்கார்ந்திருக்கும்.

பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள்தான். ஆனால் கட்டிலிருந்து ஒரு பிடி காகிதம் எடுத்து, மேஜையில் இரண்டு தட்டுத் தட்டி ஓரத்தை நேராக்கி, "ஐம்பது" என்று சொன்னால் ஐம்பதுதான். சந்தேகப்பட்டு எண்ணிப் பார்த்தவர்கள் உண்டு. எண்ணி முடித்து அசடு வழியத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

இன்னொரு பழக்கமும் அவளுக்கு உண்டு. யார் எந்தக் காகிதத்தை நீட்டினாலும் எழுத்து கீழே இருக்கும்படி கவிழ்த்துத்தான் வாங்குவாள். "கண்ணாடி மேல எப்படியும் கவுத்துத்தானே வைக்கணும்? வாங்கும்போதே கவுத்து வாங்கிட்டா ஒரு வேலை மிச்சம்" என்பாள். காரணம் அதுவல்ல என்பது எல்லோருக்கும் தெரியும். எதிரே ஆஸ்பத்திரி. வருகிற காகிதங்களில் பாதி, ரத்தப் பரிசோதனையும் ஸ்கேன் ரிப்போர்ட்டும். மற்றவை விவாகரத்துப் பத்திரம், வேலை நீக்கக் கடிதம் என்று யாரும் தெருவில் விரித்துக் காட்ட விரும்பாத சங்கதிகள். பத்தொன்பது வருஷத்தில் ஒன்றைக்கூட அவள் படித்ததில்லை.

போன வருஷம் புதுச் சட்டம் வந்தது. யார் எதை நகல் எடுத்தாலும் பதிவாக வேண்டும். ஒவ்வொரு ஜெராக்ஸ் கடைக்கும் ஒரு கறுப்புப் பெட்டி கொடுத்தார்கள். மெஷினோடு அதை இணைத்தாயிற்று. வாடிக்கையாளர் அதன் கண்ணாடிக்கு முகத்தைக் காட்ட வேண்டும், போன் நம்பரைச் சொல்ல வேண்டும், போனுக்கு வரும் ஆறு இலக்க ஓடிபியைத் தட்ட வேண்டும். பச்சை விளக்கு எரிந்தால்தான் மெஷின் அசையும். கண்ணாடியில் வைத்த காகிதத்தின் படம் எங்கேயோ போய்ச் சேரும். எங்கே என்று கேட்டதற்கு, பெட்டி மாட்ட வந்தவன், "எனக்கு மாட்ட மட்டும்தான்க்கா தெரியும்" என்றான்.

பெட்டிக்குப் பெண் குரல். "மீண்டும் முயற்சிக்கவும்" என்பதைத் தவிர அதிகம் பேசியதில்லை. டியூப்லைட் வெளிச்சம் மூக்குக்கண்ணாடியில் பட்டால் முகம் தெரியாது. தாடி மழித்தால் ஆள் மாறிவிட்டான் என்று சொல்லும். முகத்தை ஏற்றுக்கொண்ட நாளில் ஓடிபி வராது. வரும்போது நேரம் முடிந்திருக்கும். பக்கத்து சலூன்காரர்தான் அதற்குப் பெயர் வைத்தார்.

"என்னக்கா, மாமியார் இன்னிக்கு என்ன மூட்ல இருக்காங்க?"

"காலையிலேர்ந்து ஒரே கேள்விதான் தம்பி. பதில் சொன்னா மட்டும் காதுல விழமாட்டேங்குது."

"நான் ஷேவ் பண்ணி அனுப்புறவனையெல்லாம் நீங்க யாருன்னு கேக்குது. என் தொழிலுக்கே வேட்டு வைக்குது."

சிரித்தார்கள். வரிசையில் நின்றவர்கள் சிரிக்கவில்லை. குழந்தை பிறந்து இரண்டு நாளான ஒரு பெண் பிறப்புச் சான்றிதழுக்கான காகிதத்தோடு நின்றாள். அவள் போனில் சார்ஜ் இல்லை. நான்கு முறை முயன்று அவள் கண் கலங்கியபோது, சின்னவள் பெட்டிக்கு முன்னால் தன் முகத்தைக் காட்டி, தன் நம்பரைத் தட்டினாள். பச்சை எரிந்தது.

அங்கேதான் ஆரம்பம். போன் இல்லாதவர், போனை மறந்தவர், ஓடிபி வராதவர் எல்லோருக்கும் அவள் நம்பர்தான். ஆஸ்பத்திரி நர்ஸுகளுக்குக் கேட்கவே வேண்டாம். வேலைக்கு நுழையும்போதே அவர்கள் போனை வாசலில் பூட்டி வைத்துவிடுவார்கள், வேலை முடிந்துதான் கையில் கிடைக்கும். இடைவேளையில் ஓடி வருகிறவளிடம் ஏது ஓடிபி?

"ஏன்டி, உன் நம்பரை இப்படி ஊருக்கெல்லாம் வாரி விடறே?" என்று ஒருநாள் வீட்டில் அவளுடைய அக்கா கேட்டாள்.

"நம்பர்தானே? தேஞ்சா போயிடும்?"

தேயவில்லை. அறுந்தது. ஒரு வியாழக்கிழமை காலை பதினொன்றேகாலுக்கு அவள் போனுக்கு ஒரு செய்தி வந்தது. கடந்த செவ்வாய் பகல் ஒன்று பன்னிரண்டுக்கு, அனுமதி பெறாத கூட்டத்துக்கான அறிவிப்பு இருநூறு நகல்கள் உங்கள் எண்ணில் எடுக்கப்பட்டுள்ளன, எண் நிறுத்தி வைக்கப்படுகிறது, நாளை மாலை நான்கு மணிக்குப் பதிவு அலுவலகத்தில் நேரில் வந்து விளக்கம் தரவும். இரண்டாவது முறை படித்துக்கொண்டிருக்கும்போதே போனில் சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாக அணைந்தன.

செவ்வாய், ஒன்று பன்னிரண்டு, ஐம்பது ஐம்பதாக நாலு கட்டு. யார் என்று அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. நாலு நிமிஷ நர்ஸ். எப்போது வந்தாலும், "அக்கா, நாலு நிமிஷம்தான் இருக்கு" என்று மூச்சிரைக்க நிற்கிறவள். காகிதத்தை வழக்கம்போலக் கவிழ்த்துத்தான் சின்னவள் வாங்கினாள். அதில் என்ன இருந்தது என்று இந்த நிமிஷம்வரை அவளுக்குத் தெரியாது.

அன்றிலிருந்து அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. வெள்ளிக்கிழமை அக்கா சாப்பாட்டோடு கடைக்கு வந்தபோது, நேராக இருந்த கட்டையே மறுபடி மறுபடி தட்டி நேராக்கிக்கொண்டிருந்தாள். மாமியார் தன் பாட்டுக்கு, ஆளே இல்லாத கடையில், "மீண்டும் முயற்சிக்கவும்" என்றது.

"சாப்பிடு."

"இறங்கலக்கா."

"யாருடி அது? உனக்குத் தெரியும்ல?"

சின்னவள் அடுத்த கட்டை எடுத்துத் தட்டினாள்.

"தெரிஞ்சா பேரைச் சொல்லிட்டு வந்துடு. கடை போச்சுன்னா என்ன பண்ணுவே? இந்த வயசுல உன்னை எவன் வேலைக்குக் கூப்பிடுவான்? இப்பவே பாரு, நம்பர் இல்லாம பேங்க்ல நுழைய முடியாது, பஸ்ல ஏற முடியாது."

"சொன்னா அவளுக்கு வேலை போயிடும்க்கா."

"ஓ, அவளா! அப்போ பொம்பளை."

சின்னவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அக்கா அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சின்னவள் இன்னும் கொஞ்சம் வாயை விட்டிருப்பாள்.

பஸ்ஸில் ஏற நம்பர் வேண்டும் என்பதால் இருவரும் நடந்தார்கள். ஐம்பது நிமிஷ நடை. அலுவலக வாசலில் இரும்புக் கதவு, அதன் பக்கத்தில் கடையில் இருப்பதைப் போலவே ஒரு கறுப்புப் பெட்டி. முகத்தைக் காட்டினாள். நம்பரைத் தட்டினாள். சிவப்பு எரிந்தது.

"ஓடிபி சொல்லுங்கம்மா" என்றார் காவலாளி.

"எப்படிங்க வரும்? நம்பரை நிறுத்தினதே உள்ள இருக்கிறவங்கதானே?"

"ஓடிபி இல்லாம கதவு திறக்காதும்மா."

"நாலு மணிக்கு வரச் சொன்னதும் அவங்கதான்."

"வரலேன்னா வரலேன்னு எழுதிடுவாங்களே."

"அதைத்தாங்க நானும் சொல்றேன்."

காவலாளி தலையைச் சொறிந்தார். சுவர்க் கடிகாரத்தில் மூன்று ஐம்பத்தாறு. ரிடையராக இன்னும் சில மாதங்களே இருக்கிற முகம். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "சரி, கொஞ்சம் நகருங்க" என்று பெட்டிக்குத் தன் முகத்தைக் காட்டித் தன் நம்பரைத் தட்டினார். பச்சை எரிந்தது. "சீக்கிரம் போங்கம்மா. ஒரு நம்பர்தானே."

சின்னவள் அவரை ஒரு கணம் பார்த்தாள். உள்ளே போனாள். அக்கா வெளியே நின்றுகொண்டாள்.

பதிவு அதிகாரி நடுத்தர வயதுக்காரர், மூக்குக்கண்ணாடி போட்டவர். மரியாதையாகத்தான் உட்காரச் சொன்னார். அவளால் உட்கார முடியவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கோப்பிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து அவள் பக்கம் திருப்பி வைத்தார். அனிச்சையாக அவள் கை அதைக் கவிழ்த்துவிட்டது.

"ஏம்மா கவுக்கிறீங்க? படிங்க."

அவள் அதை நிமிர்த்தினாள். இடது ஓரத்தில் முடி போல ஒரு கோடு. அவள் மெஷினின் கண்ணாடியில் எவரோ ஸ்டேப்ளர் பின்னோடு காகிதத்தை இழுத்ததால் விழுந்த கீறல். அவள் கடையில் எடுத்த காகிதம்தான். முதன்முறையாகப் படித்தாள்.

"நர்ஸுகள் உடை மாற்றும் அறையில் கேமரா வைத்திருக்கிறார்கள். மூன்று முறை எழுதிக் கொடுத்தோம். பதில் இல்லை. ஞாயிறு காலை பத்து மணிக்கு ஆஸ்பத்திரி வாசலில் அரை மணி நேரம் சும்மா நிற்போம். கோஷம் கிடையாது. முடிந்தவர்கள் வாருங்கள்."

அவ்வளவுதான். அவள் இரண்டாம் தடவையும் படித்தாள். மருந்து வாசனையோடு கடைக்கு ஓடிவரும் அந்தப் பெண்கள் ஒவ்வொருவராக மனதில் வந்து போனார்கள்.

"இது யார் குடுத்தது?"

"என் நம்பர்ல எடுத்ததுங்க."

"அது தெரியுதே. இந்த நாலு மாசத்துல உங்க நம்பர்ல அறுநூத்திப் பன்னிரண்டு தடவை எடுத்திருக்கீங்க." அவர் திரையைப் பார்த்து வாசித்தார். "முப்பத்தொரு பிறப்புச் சான்றிதழ். ரெண்டு விவாகரத்து. ஒன்பது இறப்புச் சான்றிதழ்."

"பார்த்தீங்களா சார்? முப்பத்தொண்ணு பெத்து, ஒன்பது தடவை செத்திருக்கேன். போன் இல்லாதவங்களுக்கு என் நம்பரைக் குடுத்தேங்க. அவ்வளவுதான்."

அவர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். "முன்பின் தெரியாதவங்களுக்கு யாராவது தன் நம்பரைச் சும்மா குடுப்பாங்களாம்மா? நான் நம்பணுமா? அப்படிக் குடுக்கிற ஒரு ஆளை, ஒரே ஒரு ஆளைக் காட்டுங்க, பார்க்கலாம். இல்லேன்னா நோட்டீஸ் குடுத்தவங்க பேரைச் சொல்லுங்க. அஞ்சு நிமிஷத்துல உங்க நம்பரைத் திறந்து விடறேன். ரெண்டும் இல்லேன்னா இது உங்க நோட்டீஸ்."

காட்டலாம். மாடிப்படி இறங்கினால் வாசலில் நிற்கிறார். பத்து நிமிஷத்துக்கு முன்னால்தான் கொடுத்தார், பதிவும் இருக்கும். ஒரு வார்த்தை போதும். வார்த்தை நுனிநாக்குவரை வந்துவிட்டது. நாற்காலியின் முதுகை அவள் விரல்கள் தட்டிக்கொண்டே இருந்தன. தலையைச் சொறிந்துகொண்டு அந்த மனிதர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தது ஞாபகம் வந்தது. வார்த்தையை விழுங்கினாள்.

"என்னுதுதான் சார்."

"எது?"

"இந்த நோட்டீஸ். நான்தான் போட்டேன்."

"நீங்க நர்ஸே இல்லையேம்மா?"

"நர்ஸா இருந்தாத்தான் துணி மாத்தணுமா சார்?"

அவர் கோப்பை மூடினார். பிறகு கையடக்கத் திரை ஒன்றை நீட்டி, விரலால் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டாள். ஏற்கவில்லை. மூன்று முறையும் ஏற்கவில்லை. கடைசியில் காகிதத்திலேயே எழுதி வாங்கிக்கொண்டார். கடை அனுமதி மூன்று மாதம் நிறுத்தம், நம்பரும் அதுவரை நிறுத்தம். அதற்கு இரண்டு நகல் வேண்டும் என்று அறை மூலையில் இருந்த மெஷினிடம் போனார். அங்கேயும் ஒரு மாமியார். "மீண்டும் முயற்சிக்கவும்" என்றாள். மறுபடியும் அதையே சொன்னாள்.

"கண்ணாடியைக் கழட்டுங்க சார்" என்றாள் சின்னவள். "டியூப்லைட் பட்டா முகம் எடுக்காது."

அவர் முறைத்தார். கழற்றினார். பச்சை எரிந்தது.

வெளியே அக்கா காத்திருந்தாள். நடந்துகொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். பாதி வழிவரை, "மண்டையில மூளை இருக்கா உனக்கு?" என்பதையே வெவ்வேறு விதமாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது, "ஞாயிறு எத்தனை மணி?" என்றாள்.

"நீ எதுக்குக்கா? கேமரா இருக்கும்."

"எத்தனை மணின்னு கேட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை ஒன்பது ஐம்பதுக்கே இருவரும் ஆஸ்பத்திரி வாசலில் நின்றார்கள். எதிரே கடையின் கதவில் சீல். விளக்குக் கம்பத்தின் உச்சியில் கேமரா மெல்லத் திரும்பி, அவர்கள் பக்கம் வந்து நின்றது. பத்து மணிவரை வேறு யாரையும் காணோம். சின்னவளின் கால்கள் நிலைகொள்ளவில்லை. இடது காலிலிருந்து வலது காலுக்கும் வலதிலிருந்து இடதுக்குமாக மாறிக்கொண்டிருந்தாள். காகிதம் இல்லாத கைகளை என்ன செய்வதென்றும் தெரியவில்லை.

சலூன்காரர் ஷட்டரை இறக்கிவிட்டு வந்து பக்கத்தில் நின்றார். அடுத்து மருந்துக் கடைப் பெண். பிறகு கைக்குழந்தையோடு ஒருத்தி, சின்னவளைப் பார்த்துத் தலையசைத்தாள். உள்ளேயிருந்து நர்ஸுகள் இரண்டிரண்டு பேராக வந்தார்கள். சின்னவள் எண்ணினாள். ஐம்பது ஆனதும், பழக்க தோஷத்தில் அடுத்த கட்டை முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

கடைசியாக, மூச்சிரைக்க, நாலு நிமிஷ நர்ஸ் வந்து வரிசையில் அவளுக்கு அடுத்து நின்றாள். கடையின் சீல் கண்ணில் பட்டிருக்க வேண்டும். "அக்கா..." என்று ஆரம்பித்தாள்.

சின்னவள் முகத்தைத் திருப்பவில்லை. மேலே கேமராவையே பார்த்துக்கொண்டு, உதடு அதிகம் அசையாமல் சொன்னாள்.

"பேசாத. நாலு நிமிஷத்துல ஓடிடவும் ஓடிடாத. அரை மணி நேரம் நிக்கணும். நோட்டீஸ்ல அப்படித்தான் போட்டிருக்கேன்."