பாவாடை காயாத இடத்தில் பசுமைக்குடிலா?

ஐப்பசி பிறக்கப் போகிற நேரம். ஒலக்கூரிலிருந்து ஃபிட்டர் வந்து இறங்கிவிட்டார். டெம்போவில் இரும்புப் பைப், பாலித்தீன் ஷீட், ஒரு மூட்டை சிமெண்ட். என் நாற்றுகளுக்குப் பசுமைக்குடில் போடப் போகிறோம்!

பெயர்தான் பெரிசு. ஆள் நிற்கிற உயரத்தில் ஒரு பாலித்தீன் கூடாரம், அவ்வளவுதான். மழை உள்ளே வராது, வெயில் வரும்.

எதற்கு இது? போன வருஷ அடைமழையில் என் கத்தரி, மிளகாய் நாற்றெல்லாம் அழுகிப் போயின. எங்கள் தெருவில் பாதிப் பேர் என்னிடம்தான் நாற்று வாங்குவார்கள். போன வருஷம் வேறு வழியில்லாமல் கூட்டேரிப்பட்டு நர்சரிக்குப் போனார்கள். இந்த வருஷமும் போனால்... அப்புறம் அதுவே பழகிவிடும். வாராவாரம் இந்தப் பத்தியைப் படிக்கிற உங்களுக்குத் தெரியும், எனக்கு எழுத வரும் — அதுவும் அஞ்சாம் வகுப்பு அளவுக்கு — பேச வராது. ஊரில் எனக்கென்று இருக்கிற ஒரே பேச்சு அந்த நாற்றுதான்.

"எங்கம்மா நடணும்? ஜல்தியா சொல்லுங்க. காங்கிரீட்டு போட்டுட்டா அப்புறம் நகத்த முடியாது" என்றார் ஃபிட்டர்.

எனக்கா சந்தேகம்? நேராகத் தோட்டத்துப் பக்கம், வீட்டுக்குப் பின்னால் கூட்டிப் போனேன். அங்கே ஒரு பலா, இரண்டு மா, ஒரு வேம்பு. அவர் அண்ணாந்து பார்த்தார்.

"குடை மேல குடையா கீதே. வெயிலு எங்கேருந்து வரும்? பலாக்காய் ஒண்ணு விழுந்தா ஷீட்டு காலி."

நான் மருமகள் செல்வியிடம் திரும்பினேன். வெளியாள் வந்தால் அவள் மூலமாகத்தான் பேசுவேன். "கொடி கட்டியிருக்கிற எடத்தைக் காட்டு. தினம் துணி காயப் போடறோம் இல்ல? அங்க வெயில் வரும்."

செல்வி கொடியில் கை வைத்தாள். மேலே ஒரு துண்டு. துண்டுக்கு அடியில் என் உள்பாவாடை. பெண்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆண்களுக்காகச் சொல்கிறேன் — பாவாடை யார் கண்ணிலும் படக்கூடாது என்று, மேலே ஒரு துண்டைப் போட்டு மறைத்துத்தான் காய வைப்போம்.

"அத்தை, இது நேத்து காலைல போட்டது. இன்னும் ஈரமாவே கீது."

ஃபிட்டர் அவசரமாகப் பலாமரத்தைப் பார்க்கத் தொடங்கினார். நல்ல மனிதர்.

"மேல துண்டு கெடக்குது இல்ல, அதான்..." என்று இழுத்தேன்.

"துண்டும் ஈரம்தான் அத்தை."

அவர் மரத்திடமே கேட்டார். "மொளகா எங்கம்மா காய வைக்கிறீங்க?"

"வாசல்ல" என்றாள் செல்வி.

"மல்லாட்டை?"

"அதுவும் வாசல்லதான்."

"அப்புறம் என்னாத்துக்கு என்னை இங்க இட்டாந்தீங்க?"

நியாயமான கேள்வி. எங்கள் வீடு தெற்குப் பார்த்தது. வாசலில் ஒரு மரம் கிடையாது. மழைக் காலத்தில் வெயில் தெற்கே சாய்வதால் நேராக அங்கேதான் விழும். ஆனால் கேட்டுக்கு எதிரேயே பஸ் ஸ்டாப்! திண்டிவனம் பஸ்ஸுக்கு நிற்கிற அத்தனை கண்ணும், ஷீட் வழியாக என்னைத்தானே பார்க்கும்?

நின்று யோசித்தேன். மிளகாய்க்கு வெயில் வேண்டும், வாசல். மல்லாட்டைக்கு — அதான், நிலக்கடலைக்கு — வெயில் வேண்டும், வாசல். கேப்பைக்கும் வாசல். நம்முடையது என்று ஒன்று வந்தால் மட்டும் கை தானாகப் பின்பக்கம் காட்டுகிறதே, ஏன்? குடில் என்னுடையது. அதனால் அதையும் கொண்டுபோய் மறைக்கப் பார்த்திருக்கிறேன். பாவாடை காயாவிட்டால் ஈரத்தோடு கட்டிக்கொள்ளலாம். நாற்று செத்துப் போகுமே!

"வாசல்லயே நடுங்க" என்றேன். செல்வியிடம் இல்லை — அவரிடமே.

குடில் எழும்பியது. எதிரே டிபன் கடை வைத்திருக்கும் கன்னியம்மா சும்மா இருப்பாளா? "இன்னாக்கா, உள்ள ஏசி போட்டுக்கினியா? எனக்கும் ஒரு சேர் போடு" என்று ஸ்டாப்பே சிரிக்கிற மாதிரி கத்தினாள். முதல் சில நாள், பஸ் போன பிறகுதான் உள்ளே நுழைவேன். ஆனால் நாற்றுக்குப் பஸ் டைம் தெரியுமா? வாடினால் வாடியதுதான். தண்ணீர் வாளியோடு எல்லார் முன்னாலும் போக வேண்டியதாயிற்று.

ஒருநாள் கிளியனூர்க்காரப் பெண் ஒருத்தி ஷீட்டுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டாள். "ஆயா, இது என்னா நாத்து?"

"மொளகா."

"நான் வெச்சா எலை சுருட்டிக்குதே, ஏன்?"

நான் சொல்ல ஆரம்பித்தேன்... இலையைத் திருப்பிக் காட்டி, பூச்சியைச் சொல்லி, வேப்பெண்ணெய் எப்படிக் கலக்குவது என்று சொல்லி... ஹாரன் சத்தம் கேட்டுத் திரும்பினால் அவளுடைய பஸ் வளைவில் போய்க்கொண்டிருக்கிறது.

"பேசத் தெரியாதுன்னு சொன்னாங்களே உன்னை" என்றாள் கன்னியம்மா, தோசையைத் திருப்பிக்கொண்டே.

மழை வந்தது, அடித்தது, போயிற்று. நாற்று ஒன்றுகூடச் சாயவில்லை. போன வாரம் தெருக்காரர்கள் கூடையோடு வந்தார்கள். யாரும் கூட்டேரிப்பட்டுக்குப் போகவில்லை.

பாவாடையா? அது இன்னும் பின்பக்கம்தான் காய்கிறது... மேலே துண்டு போடுவதை மட்டும் விட்டுவிட்டேன்.