நடு வாய்க்காலுக்கு அப்பால்

காற்றில்லாத காலையில் மக்காச்சோளக் காடு சத்தம் போடாது. தோகையோடு தோகை உரசினால்தான் சத்தம். உரசுவதற்குக் காற்று வேண்டும், இல்லையென்றால் உள்ளே யாராவது நடக்க வேண்டும். ஞானபூரணிக்கு இது நன்றாகத் தெரியும். அதனால்தான் அந்தச் சித்திரை மாத விடியலில், மோட்டார் கொட்டகை வேம்பில் ஓர் இலைகூட அசையாத நேரத்தில், தன் வயலுக்குள்ளிருந்து சரக், சரக்கென்று கேட்டதும் கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தாள்.

"ஏங்க, நீங்களா?" என்றாள்.

கேட்ட பிறகுதான் யாரைக் கேட்டோம் என்று உறைத்தது. புருசன் செபஸ்தியானைக் கல்லறையில் வைத்து இன்னும் வருசம் திரும்பவில்லை.

தேவகோட்டையிலிருந்து வரும் பஸ் வட்டமடித்துத் திரும்பும் கடைசி ஊர் அவர்களுடையது. ஊருக்குக் கிழக்கே போர் தண்ணீரை நம்பி அவர்களுக்கு ஒரே வயல். வயலுக்குக் குறுக்கே ஒரு வாய்க்கால் ஓடும். இந்தப் பக்கம் மேல் துண்டு, அந்தப் பக்கம் கீழ்த் துண்டு. போன கோடையில் செபஸ்தியான் அந்த வயலில் சோயா போட்டிருந்தார். கோழித் தீவனத்துக்கு வாங்குகிறவர் ஒருவர் ஆசை காட்டிவிட்டுப் போனதால் வந்த வினை. ஆடி மழையைப் பார்த்து விதைக்க வேண்டியதை அவசரப்பட்டு மாசியில் விதைத்தார். பயிர் நன்றாகத்தான் எழும்பியது. மூக்குத்திக் கல் அளவில் ஊதாப் பூக்கள் வந்தன. கத்திரி வெயில் தொடங்கியதும் காலையில் விரிந்த பூ மத்தியானத்தில் தரையில் கிடந்தது. தப்பித்த ஒன்றிரண்டும் பிஞ்சிலேயே சுருங்கின.

மண்ணைக் குளிர வைத்தால் பூ தங்கும் என்று அவர் நம்பினார். மும்முனைக் கரண்ட் அங்கே உச்சிப் பொழுதில்தான் வரும். தலையில் உருமால் கட்டிக்கொண்டு, மண்வெட்டியோடு மடை திருப்பப் போவார். ஒருநாள் கஞ்சி குடிக்க வந்தவர் சட்டியை வைத்துவிட்டு, "பூ தங்க மாட்டேங்குது, ஞானம்" என்றார்.

அவளுக்கு அன்றைக்கு வேடிக்கையாகத்தான் வந்தது. "பக்கத்துலயே காவலுக்கு இருங்க. அப்பறம் எங்குட்டுப் போகும்?"

அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே போனவரை, கீழ்த் துண்டில் பூக்களுக்கு நடுவே குப்புறக் கிடந்தபோதுதான் கண்டுபிடித்தார்கள். வெயில் அடித்துவிட்டது என்றார் டாக்டர். உடம்பைத் தூக்கியபோது சட்டையிலும் உருமாலிலும் ஊதாப் பூ ஒட்டியிருந்தது.

மகள் பெல்சி காரைக்குடியில் ஒரு பள்ளியில் டீச்சர். நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுத் தன்னோடு வந்துவிடும்படி அப்போதே அழைத்தாள். ஞானபூரணி ஒரே ஒரு வெள்ளாமை பார்த்துக்கொள்கிறேன் என்று கேட்டாள். மக்காச்சோளம் விளைந்தால் இருப்பது, விளையாவிட்டால் பெட்டியைக் கட்டுவது. இதுதான் தாய்க்கும் மகளுக்கும் பேச்சு.

ஊரில் இன்னொரு பேச்சும் இருந்தது. ஆள் விழுந்து செத்த வயலில், வருசப் பூசை முடியும்வரை உச்சிப் பொழுதில் கால் வைக்கக் கூடாது. கோயில் தெருவிலும் அதையே சொன்னார்கள், மாதா கோயில் தெருவிலும் அதையே சொன்னார்கள். பக்கத்து வயல்காரர் சேவுகப்பெருமாள், "சாமிதான் வேறம்மா, வெயிலு ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டு, தானும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காமல் இருந்தார்.

அங்கேதான் தவறு நடந்தது. கரண்ட் வருவது உச்சியில், உச்சியில் உள்ளே போகக் கூடாது. ஞானபூரணி கொட்டகையில் சுவிட்சைப் போட்டுவிட்டு வெளியே நிற்பாள். தண்ணீர் தானாகப் பாய்ந்த வரைக்கும் மேல் துண்டு நனைந்தது. மேல் துண்டு நனைந்த பிறகு நடு வாய்க்காலில் மடையைத் திருப்பிவிட ஆள் இல்லாததால் கீழ்த் துண்டு ஒரு சொட்டுகூடக் குடிக்கவில்லை. மத்தியானத்தில் அதன் தோகைகள் வெங்காயத் தாள் மாதிரி சுருண்டு நின்றன. சுருண்டது சாயங்காலம் விரிந்தால் பயிர் பிழைக்கும். கீழ்த் துண்டில் மறுநாள் விடிந்தும் விரியவில்லை.

அந்த நேரத்தில்தான் கொண்டை வந்தது. உச்சியில் இருக்கும் ஆண் பூக் கொண்டையிலிருந்து தூள் உதிர்ந்து, இடுப்பில் இருக்கும் கதிரின் பட்டு இழையில் ஒட்ட வேண்டும். ஓர் இழைக்கு ஒரு மணி. அவ்வளவு வெயிலில் தூள் முன்னாலேயே வந்து கருகியது. பட்டு பிந்தி வந்து காய்ந்தது. ஒன்றுக்காக ஒன்று காத்திருக்கவில்லை.

சத்தம் கேட்டதும் அப்போதுதான்.

முதல் நாள் அவள் வாளியை வைத்துவிட்டு, பயிர் வரிசைகளுக்கு நடுவே ஒரு சாலுக்குள் நுழைந்தாள். இரண்டு பக்கமும் தோகை தோளை உரசியது. முகத்தில் மஞ்சள் தூள் படிந்தது. அவள் நடந்தால் சத்தம் முன்னால் நடந்தது, நின்றால் நின்றது. நடு வாய்க்காலை அடைந்ததும் அவள் நின்றாள். சத்தம் நிற்கவில்லை. வாய்க்காலைத் தாண்டி, கீழ்த் துண்டுக்குள், அதே சாலில் நேராகப் போய்க்கொண்டிருந்தது. அவள் வந்த வழியே திரும்பிவிட்டாள்.

மறுநாளும் போனாள். கொண்டை காய்ந்து முடியும்வரை ஒவ்வொரு விடியலிலும் அதே சாலில் போய், அதே வாய்க்கால் கரையில் நின்றாள். பயத்தை மீறிப் போனாளா, பயம்தான் இழுத்துக்கொண்டு போனதா என்று அவளுக்கே தெரியாது. காட்டுப்பன்றியாக இருக்கும் என்றார் சேவுகப்பெருமாள். பன்றி வந்தால் சோளத் தட்டையை முறித்துப் போடும். ஒரு தட்டைகூட முறியவில்லை.

வருசப் பூசை வந்தது, முடிந்தது. ஊர் போட்ட தடை போயிற்று. அவள் கால்தான் வாய்க்காலைத் தாண்ட மறுத்தது.

ஆனியில் கதிர் பறிக்க பெல்சி வந்திருந்தாள். மேல் துண்டில் உரித்துப் பார்த்த கதிரெல்லாம் பொக்கை வாயாக இருந்தது. இங்கே நான்கு மணி, அங்கே நான்கு மணி, நுனி வெறும் சக்கை. உதவிக்கு வந்த சேவுகப்பெருமாள் உரித்து உரித்துப் போட்டார். அம்மாவின் சேலைகளை எந்தப் பெட்டியில் வைப்பது என்று பெல்சி யோசிக்கத் தொடங்கியது முகத்தில் தெரிந்தது.

ஞானபூரணி விடியலில் நடந்த அந்தச் சாலுக்கு வந்தார்கள். இரண்டு ஓரத்திலும் இருந்த கதிர்களைப் பறித்து உரித்தால் அடியிலிருந்து நுனிவரை மணி பல் வைத்தாற்போல நெருங்கியிருந்தது.

சேவுகப்பெருமாள் கதிரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல அதிசயமில்ல. நீ தெனம் உரசிக்கிட்டு நடந்தீல்ல? குளிர்ந்த நேரத்துல தூள உலுக்கி விட்டுருக்க. தெரிஞ்சிருந்தா எல்லாச் சாலுலயும் நடந்திருக்கலாம். ஒங்காலு தேஞ்சிருக்கும், வெள்ளாமை வந்திருக்கும்."

பெல்சி சிரித்தாள். ஞானபூரணிக்கும் மனம் லேசானது போலிருந்தது. பறித்துக்கொண்டே முன்னால் போன பெல்சி வாய்க்காலை ஒரே எட்டில் தாண்டினாள். அந்தப் பக்கம் தட்டைகள் தாளாகக் காய்ந்து நின்றன. மற்ற சால்களில் கதிர் என்று சொல்ல எதுவுமே இல்லை. அந்த ஒரு சாலில் மட்டும், வாய்க்காலிலிருந்து வரப்பு வரைக்கும் கதிர் இருந்தது. விரல் நீளம்தான். உரித்தால் உள்ளே மணி நிறைந்திருந்தது.

"அம்மா, இங்குட்டு வரைக்குமா நடந்தீங்க?"

ஞானபூரணி கரையிலேயே நின்றாள். இல்லையென்று தலையை ஆட்டினாள். பெல்சி சேவுகப்பெருமாளைப் பார்த்தாள்.

"எம்புள்ளைக மேல சத்தியம், நான் இங்குட்டுக் காலு வைக்கல" என்றார் அவர். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, ஆடு கத்துகிறது என்று தன் வயலுக்குப் போய்விட்டார். ஆடு எதுவும் கத்தவில்லை.

வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. ஞானபூரணி செருப்பைக் கழற்றிக் கரையில் விட்டாள். வாய்க்காலைத் தாண்டினாள். மகளைக் கடந்து அந்தச் சாலிலேயே நடந்து, அவர் கிடந்த இடத்துக்கு வந்தாள். மண் கொதித்தது. அங்கே ஒரு தட்டையைப் பிடித்துக்கொண்டு நின்று, பக்கத்தில் நிற்கிற ஆளிடம் பேசுகிற குரலில் பேசினாள்.

"காவலுக்கு இருங்கன்னு நாந்தான் சொன்னேன். வெளையாட்டுக்குச் சொன்னது. போதும். வீட்டுக்கு வாங்க."

காற்று இல்லை. அவள் திரும்பி நடந்தாள். பின்னால் காய்ந்த தோகை சரக்கென்றது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பெல்சி பார்த்தாள். பார்த்துவிட்டு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். மகளின் கை சில்லென்று இருந்தது.

சாயங்காலம் பெல்சி காலிப் பெட்டியை இறக்கிக் கூடத்தில் வைத்தாள். வெள்ளாமை போய்விட்டது, பேசிய பேச்சு பேச்சுதான் என்றாள். ஞானபூரணி மறுக்கவில்லை. இனிக் கோடையில் எதுவும் விதைக்கப் போவதில்லை, மழையைப் பார்த்துத்தான் விதைப்பேன் என்று மட்டும் சொன்னாள்.

"அப்ப வரலையாம்மா?"

"எப்படி வர்றது? அவரை வீட்டுக்கு வரச் சொல்லிட்டேன். நான் ஒங்கூட வந்துட்டா கதவ யாரு தொறக்குறது?"

பெல்சி வாசலைப் பார்த்தாள். கதவு சாத்தித்தான் இருந்தது. தெருவில் வேப்பமரம் அசையாமல் நின்றது. ஞானபூரணி எழுந்து போய்த் தாழ்ப்பாளை நீக்கிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.