ஐந்நூறின் ஸ்பிரிங், முந்நூற்றைம்பதின் கிளட்ச்

போன கிழமை தெஹிவளைச் சந்தியில் பஸ்சுக்கு நிற்கும்போது மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்கிய இடம் ஒரு மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகக் கடை. "அது வேற மொடல், இதுக்குச் சரிவராது" என்று கடைக்காரர் ஸ்பிரிங் கேட்டு வந்த யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டவரும் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். இரண்டு பேரும் அளந்துகூடப் பார்க்கவில்லை. எனக்கு வாய் துருதுருத்தது. எழுபது வயதுக் கிழவி ஸ்பிரிங் பற்றிப் பேசினால் சிரிப்பார்களே என்று அடக்கிக்கொண்டேன்.

ஆனால் அந்தக் கடையின் மணம் விடவில்லை. கிறீஸ் தடவிய மெழுகுத்தாளின் மணம். அது மூக்கில் ஏறினால் எனக்கு இருபத்திரண்டு வயது. இரண்டாம் உலக யுத்தம் முடிந்த கையோடு, கொச்சிக்கடையில் துறைமுகத்தை ஒட்டியிருந்த ஒரு மோட்டார் சைக்கிள் கம்பனியின் ஸ்டோர்சில் கணக்கெழுதுகிற லிகிதராக இருக்கிறேன். வெள்ளவத்தையில் ரயில் ஏறி, கோட்டையில் இறங்கி ட்ராம் பிடிப்பேன். ட்ராமில் சேலைத் தலைப்புச் சிக்கி, பாதிச் சேலையோடு கந்தோரில் வேலைக்குப் போய் நின்ற கதையும் உண்டு. அதைச் சொல்லத் தொடங்கினால் இது முடியாது. ஆண்கள் படைவேலைக்குப் போனதால்தான் ஒரு பெண்ணுக்கு அந்த நாற்காலி கிடைத்தது. எனக்கு மோட்டார் சைக்கிள் என்ன, மிதிக்கிற சைக்கிளே ஓட்டத் தெரியாது. இன்றைக்கும் தெரியாது. ஆனால் எந்த லாச்சியை இழுத்தால் எந்தச் சாமான் என்பது கண்ணை மூடினாலும் தெரியும்.

ஹெந்தளையிலிருந்து ஓர் அப்போதிக்கரி வருவார், பெர்னாந்து என்று பேர். வீடு வீடாகப் போய் வைத்தியம் செய்கிறவர். அவருடைய முந்நூற்றைம்பது சீ.சீ. சைக்கிளில் கிளட்ச் வழுக்கியது. தட்டுகளை அழுத்திப் பிடிக்கிற நான்கு ஸ்பிரிங்குகளும் களைத்துவிட்டால் எஞ்சின் இரையும், சக்கரம் நகராது. அந்த மொடலின் ஸ்பிரிங் எங்களிடம் இல்லை, கப்பல் வரவேண்டும். ஐந்நூறு சீ.சீ. மொடலின் ஸ்பிரிங்கோ ஒரு லாச்சி நிறையக் கிடந்தது. ஒரு மொடலின் சாமானை இன்னொன்றுக்குக் கொடுக்கக் கூடாது என்பது கம்பனியை நடத்திய வெள்ளைக்காரத் துரையின் கட்டளை. கப்பல் வரும், கப்பல் வரும் என்று இரண்டு முறை அவரைத் திருப்பி அனுப்பினேன்.

மூன்றாம் முறை வந்தவர் ஸ்பிரிங் கேட்கவேயில்லை. தொப்பியைக் கழற்றிக் கவுண்டரில் வைத்தார்.

"முந்தாநாள் ஒரு பிள்ளைப்பேறு மிஸ். சைக்கிள் பாதிவழியில நிண்டிட்டுது. நடந்துதான் போனனான். போய்ச் சேரக்குள்ள தாய் முடிஞ்சிட்டா."

குற்றம் சாட்டுகிற குரலில் அவர் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அவரை இருக்கச் சொல்லிவிட்டு, மாதிரிப் பலகையில் கட்டியிருந்த ஒரேயொரு புது முந்நூற்றைம்பது ஸ்பிரிங்கை அவிழ்த்தேன். பக்கத்தில் ஐந்நூறினதை நிறுத்திப் பார்த்தேன். சுற்றளவு ஒன்றுதான். ஐந்நூறினது உயரம் கொஞ்சம் கட்டை, கம்பி சற்றுத் தடிப்பு. இரண்டையும் பின்பக்கப் பட்டறைக்குக் கொண்டுபோனேன். அங்கே சைக்கிள் பூட்டிக் கழற்றுகிற பிற்றர் சலீம் நானா, மருதானைக்காரர், என் கையிலிருந்ததைப் பார்த்ததும் இது தையல் பெட்டிச் சாமான் இல்லை என்று கேலி செய்தார். அப்போதிக்கரி சொன்னதைச் சொன்னேன். கேலி நின்றது.

ஆணி நிறுக்கிற முள்ளுத் தராசின் தட்டில் ஸ்பிரிங்குகளை ஒவ்வொன்றாக வைத்து, ஒரே உயரத்துக்கு அமுக்கி, முள் எங்கே நிற்கிறது என்று பார்த்தார். கட்டையானதால் ஐந்நூறினது கொஞ்சம் குறைவாகத் தள்ளியது. அடியில் ஒரு மெல்லிய வொஷர் வைத்து மறுபடி அமுக்கினார். முள் முந்நூற்றைம்பதினது நின்ற இடத்துக்கே வந்தது.

"போடலாம் மிஸ். தொரெ கேட்டா என்ன செல்ற?"

"நான் தந்தனான் எண்டு சொல்லுங்கோ."

வாசலில் அப்போதிக்கரி நிறுத்தியிருந்த சைக்கிளை உள்ளே தள்ளி வந்து, நான்கு ஸ்பிரிங், நான்கு வொஷர் போட்டோம். முதலில் தட்டு ஒரு பக்கம் சாய்ந்து கோணலாகச் சுற்றியது. சலீம் நானா ஒரு நட்டை அரைச் சுற்று இறுக்க, நேரானது. எஞ்சின் இரைந்த அளவுக்குச் சக்கரமும் ஓடியது. அப்போதிக்கரி தொப்பியைப் போட்டுக்கொண்டு போனார்.

ஸ்டோர்ஸ் புத்தகத்தில் நடந்ததை அப்படியே எழுதினேன்: ஐந்நூறின் ஸ்பிரிங் நான்கு, முந்நூற்றைம்பது சைக்கிளுக்கு. தலைமை லிகிதர் நல்ல மனிதர். கிட்ட வந்து, ஐந்நூறுக்குக் கொடுத்ததாக மாற்றி எழுதிவிடும் தங்கச்சி, ஒருவரும் பார்க்கமாட்டினம் என்று கெஞ்சினார். நான் மாற்றவில்லை. களவெடுத்திருந்தால் அல்லவா மறைக்க வேண்டும்?

மறுநாளே துரை கூப்பிட்டார். அந்தச் சைக்கிளைத் திரும்ப வரவழைத்து ஸ்பிரிங்கைக் கழற்ற வேண்டும். நான் அறியாமல் செய்த பிழை என்று ஒரு கடிதத்தில் கையெழுத்து வைக்க வேண்டும். கடிதம் மேசையில் தயாராக இருந்தது. என் உடைந்த ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன்: நான் அறிந்துதான் செய்தேன்; பிழை என்றால் அந்தச் சைக்கிளை ஓட்டிக் காட்டுங்கள். துரை பேனாவை என் பக்கம் தள்ளினார். நான் கையெழுத்து வைக்காமல் எழுந்து வந்துவிட்டேன்; வேலை போயிற்று.

சலீம் நானாவைக் கழற்றச் சொன்னபோது அவர் ஸ்பானரைத் துடைத்து மேசையில் வைத்தாராம். "நீங்களே களட்டுங்கொ தொரெ." அத்தோடு அவருக்கும் வேலை போயிற்று. அவர் கொட்டாஞ்சேனையில் சொந்தமாக ஒரு பட்டறை போட்டார். எனக்கு அந்தத் துணிவு வரவில்லை. பெண்பிள்ளைகளுக்கு டைப்ரைட்டிங் படிப்பிக்கப் போனேன். அப்பா ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை. கப்பலில் உரிய ஸ்பிரிங் வந்ததும் கம்பனி அப்போதிக்கரிக்குக் கடிதம் போட்டது. தேவையில்லை, சைக்கிள் ஓடுகிறது என்று அவர் பதில் எழுதினாராம்.

இன்றைக்கு அங்கே அந்தக் கம்பனி இல்லை. அந்த இடத்தில் கொள்கலன் லொறிகள் வரிசையில் நிற்கின்றன. துரைமார் போய்விட்டார்கள். சலீம் நானாவும் இல்லை, அப்போதிக்கரியும் இல்லை. ட்ராமும் போயிற்று, சேலையைக் கிழித்தாலும் அதற்கு எனக்குக் கவலைதான். பழைய நாட்கள் நல்ல நாட்களா என்று மகள் கேட்கிறாள். பாதிவழியில் சைக்கிள் நின்றதால் ஒரு தாயை இழந்த வீட்டில் போய்க் கேட்கட்டும். அந்த மேசையும் பேனாவும் போனதில் எனக்கு ஒரு துளி வருத்தமில்லை. நாளைக்கே திரும்பி வந்தாலும், நான் கையெழுத்து வைக்கமாட்டேன்.